ஐப்பசி வந்தாச்சு... அடி பார்த்து வையுங்க!

'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்பார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்களுக்கு இதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. இங்கே ஆவணி, புரட்டாசியிலேயே சாயங்கால இடிமழை ஆரம்பித்துவிடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்ந்துகொள்கிறது. அப்புறம் மார்கழிப் பனி. ஆக, வருஷத்தில் நாலைந்து மாதம் வாசலும் மாடிப்படியும் சரியாகக் காய்வதே இல்லை!

மழைக்காலம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சளி, காய்ச்சல், டெங்கு கொசு. பிள்ளைகளுக்கு வெந்நீர் காய்ச்சுகிறோம். பூந்தொட்டியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுகிறோம். ரொம்ப நல்லது. ஆனால் அதே சமயத்தில் பாத்ரூம் ஓரத்திலும், துணி துவைக்கும் கல்லடியிலும், பொடக்காலி வாசப்படியிலும் இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் பச்சைப் பசேலென்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் பாசி.

"வழுக்கி விழறதெல்லாம் ஒரு வியாதியாங்க? அதுக்கு ஒரு கட்டுரையா?" என்று நினைக்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள்தான் மிக அதிகம். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில்.

நமக்கெல்லாம் தெரிந்த இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். மூன்று முறை தேசிய விருது வாங்கிய பின்னணிப் பாடகி வாணி ஜெயராம், 2023 பிப்ரவரி 4-ம் தேதி சென்னை நுங்கம்பாக்கம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 77. வீட்டில் தனியாக இருந்தவர். படுக்கையறையில் தவறி விழுந்து தலையில் அடிபட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. நாகாலாந்து கவர்னராக இருந்த இல. கணேசன், 2025 ஆகஸ்ட் மாதம் சென்னை வீட்டில் தவறி விழுந்து தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 15-ம் தேதி காலமானார். அவருக்கு வயது 80.

இரண்டு பேருமே விழுந்தது நடுரோட்டில் அல்ல, சொந்த வீட்டுக்குள்! நாம் பத்திரமான இடம் என்று நினைக்கிற வீட்டில்தான் பெரியவர்கள் அதிகம் விழுகிறார்கள்.

ஏன் விழுகிறோம்?

'நேரம் சரியில்லை, விழுந்துட்டாங்க' என்று சொல்லிவிடுகிறோம். நேரத்தின் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் ஒருவர் விழுகிறார். ஈரத்தரை, பலமில்லாத கால், அவசரம்.

தரை ஈரமாக இருந்தாலும் காலில் பலம் இருந்தால் சமாளித்து நின்றுவிடலாம். கால் தளர்ந்திருந்தாலும் தரை காய்ந்திருந்து, நிதானமாக நடந்தால் ஒன்றும் ஆகாது. மூன்றும் கூடும் வேளைதான் ஆபத்து. இந்த மூன்றில் ஒன்றை நீங்கள் எடுத்துவிட்டாலே பாதி ஆபத்து விலகிவிடும். மூன்றிலுமே கை வைக்கலாம் என்பதுதான் நல்ல சேதி. பெரிய செலவும் இல்லை.

முதலில் தரை!

நாம் நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகால். அந்த நேரத்தில் குதிகால் முன்பக்கமாக நழுவப் பார்க்கும். தரையின் சொரசொரப்புதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. வழவழ டைல்ஸ் மேல் தண்ணீர் நின்றால், காலுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய ஏடு மாதிரி நீர் புகுந்துவிடுகிறது. பிடிமானம் போய்விடுகிறது. அந்தத் தண்ணீரோடு சோப்போ, எண்ணெயோ, பாசியோ சேர்ந்தால்? கேட்கவே வேண்டாம்!

அந்தக் காலத்து வீடுகளில் வாசலில் சாணி மெழுகியிருந்தது. சலதாரையில் கொத்திவிட்ட கருங்கல் கிடந்தது. இன்றைக்குத் தொட்டிக்கட்டு வீட்டைக்கூட இடித்துக் கட்டும்போது ஆசாரம் தொடங்கி பாத்ரூம் வரை கண்ணாடி போலப் பளபளக்கும் டைல்ஸ்தான். பார்க்க அழகு, கழுவவும் சுலபம். ஆனால் பாத்ரூமுக்கும், வெளி வாசப்படிக்கும், துவைக்கிற இடத்துக்கும் அந்தப் பளபளப்பு வேண்டவே வேண்டாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கடையில் 'ஆன்டி-ஸ்கிட்' என்று கேட்டுச் சொரசொரப்பான டைல்ஸ் வாங்குங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், அடியில் ரப்பர் உறிஞ்சி வைத்த பாத்ரூம் விரிப்பு வாங்கிப் போட்டு, வாரம் ஒருமுறை திருப்பிப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். விரிப்பின் அடியிலும் பாசி பிடிக்கும்!

பாசியை விரட்டுவது எப்படி? ஈரமான இடத்தில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து, நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காலில் செருப்பு இருக்கட்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு முக்கிய எச்சரிக்கை: 'இன்னும் நல்லாப் போகட்டும்' என்று ப்ளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் விஷவாயு கிளம்பும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும்.

மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. வாசலில் பழைய சாக்கையோ, பழைய புடவையையோ மடித்துப் போடுவது. சிமென்ட் தரை இருந்த நாளில் அது சரி. டைல்ஸ் தரையில் நனைந்த சாக்கு சறுக்குமரம் மாதிரி! மிதித்தவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதை எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் உள்ள மிதியடி போடுங்கள். நனைந்த குடையை ஹாலுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே ஒரு வாளியில் நிறுத்தப் பழக்குங்கள்.

செருப்பையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கிறதா? 'வீட்டுக்குள்ளதானே, இதே போதும்' என்று அப்பாருக்கு ஒதுக்கிய பழைய ரப்பர் செருப்புதான் பல வீட்டில் வில்லன். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் வார் உள்ள, அடியில் பள்ளம் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். வார் இல்லாத செருப்பு காலைவிட்டு நழுவும்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை

வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. எங்கே ஆரம்பிப்பது? பெரியவர்கள் படுக்கும் கட்டிலில் நீங்களே ஒரு ராத்திரி உட்காருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் ஒன்றுக்குப் போகும் வழியிலேயே கழிவறை வரை மெல்ல நடந்து பாருங்கள்.

எதெல்லாம் காலில் தட்டுகிறது? டேபிள் ஃபேன் ஒயரா? சுருண்ட பாயா? இரண்டு அங்குல உயர நிலைப்படியா? ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறதா? பழைய வீடு என்றால் கழிவறை பொடக்காலியில் இருக்கும். நனைந்த கல்லில், தூறலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பத்தா தினமும் ராத்திரி இரண்டு தடவை அந்த வழியாகத்தான் போய் வருகிறார் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும்!

இந்த ஒரு பாதையை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். தட்டுகிற சாமான்களை ஒதுக்குங்கள். இரவு முழுக்க எரிகிற சின்ன விளக்கு ஒன்று, அல்லது ஆள் நடமாட்டம் தெரிந்ததும் தானே எரிகிற எல்.இ.டி. விளக்கு ஒன்று மாட்டுங்கள். மழை நாளில் கரண்ட் போவது சகஜம். தலையணைக்குப் பக்கத்தில் டார்ச் கட்டாயம் வேண்டும்.

கழிவறையில் உட்கார்ந்து எழுவதற்கும், குளிக்கும் இடத்திலும் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. சுவரில் துளை போட்டு நன்றாக முறுக்கியிருக்க வேண்டும். டவல் போடும் கம்பியைப் பிடித்து எழுவது மகா ஆபத்து. அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது!

பொடக்காலிக்குப் போகவே வேண்டாம் என்று நாற்காலி மாதிரியான கமோடு ஒன்றை அறையிலேயே வைக்கலாம். "எனக்கு எதுக்குடா அந்தக் கர்மம்?" என்று அப்பத்தா மறுக்கத்தான் செய்வார். "மழை ராத்திரிக்கு மட்டும்ங்க அப்பத்தா" என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது கால்!

ஒரே ஈரத்தில் பேரன் சறுக்கிச் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறான். தாத்தா ஏன் விழுகிறார்? வயதாக ஆக, தடுமாறும்போது சட்டென்று அடுத்த காலை எடுத்து வைத்துச் சமாளிக்கும் வேகம் குறைகிறது. தொடைத் தசை மெலிகிறது. பார்வை மங்குகிறது. பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் பாதம் மரத்து, தரை ஈரமா, மேடா, பள்ளமா என்பதே காலுக்குத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவரின் கால் எப்படி இருக்கிறது? ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். எதிரே மூன்று மீட்டர் தூரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். 'எழுந்திருங்க' என்றதும் எழுந்து, வழக்கமாக நடக்கிற நடையில் கோடு வரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். வாட்சைப் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அவருக்கு விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம். டாக்டரிடம் காட்டுங்கள். பரீட்சை நடக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தளர்ந்த காலுக்கு மருந்து உண்டா? உண்டு. அதன் பெயர் உடற்பயிற்சி! வீட்டில் வசிக்கும் முதியவர்களிடம் பல நாடுகளில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2019-ல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். சமநிலைக்கும் கால் பலத்துக்கும் பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெறும் நடைப்பயிற்சி போதாது. கீழே உள்ளதைச் செய்யச் சொல்லுங்கள்.

நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. முதலில் ஐந்து தடவை, பழகியதும் பத்து தடவை.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. பத்து தடவை.

அதே மேடையைப் பிடித்தபடி ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. பத்து தடவை.

சுவரோரமாக, ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, கோட்டில் நடப்பது போல நடப்பது. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல், கடுமையான மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் வசதியும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். முட்டை ஊரான நாமக்கல் பக்கத்திலே இருந்துகொண்டு, 'வயசாச்சு, முட்டை வேண்டாம்' என்று ஒதுக்கலாமா? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. தசைக்கு அது தேவை. முட்டை சாப்பிடாத வீட்டில் பருப்பும் பாலும் பயறும் தினமும் இருக்கட்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம்ம ஊர் ராகிக் களி இதில் ராஜா. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்! கூடவே முருங்கைக்கீரை, எள்ளு. மழை விட்டு வெயில் வரும் நாளில் கொஞ்ச நேரம் வெளியே உட்காருவது வைட்டமின் டி-க்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் சாப்பாட்டை டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும்.

கண்ணில் புரை இருந்தால் 'மழைக்காலம் போகட்டும்' என்று ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். மங்கலான கண்ணோடு மழைக்கால இருட்டில் நடப்பதுதான் ஆபத்து.

அவசரம் வேண்டாமே!

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. சடசடவென்று நாலு துளி விழுகிறது. உடனே வீட்டில் என்ன குரல் கேட்கும்? "மழை வருது, மாடியில துணி காயுது, ஓடு!" அவ்வளவுதான். அம்மா அடுப்பில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மொட்டை மாடிப் படியில் தாவி ஏறுகிறார். இறங்கும்போது இரண்டு கையிலும் நெஞ்சு உயரத் துணி. படி கண்ணுக்கே தெரியாது. கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை இல்லை. படியோ அப்போதுதான் நனைந்திருக்கிறது!

துணி நனைந்தால் மறுபடி காயவைத்துக்கொள்ளலாம். கணுக்கால் ஒடிந்தால்? துணியை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி இறங்குங்கள். ஈரத்தில் நடக்கும்போது அடியைச் சின்னதாக எடுத்து, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதித்து வையுங்கள். கர்ப்பிணிகள் மழை நாளில் மாடிப்படி பக்கமே போக வேண்டாம்.

ராத்திரி அவசரம் இன்னும் பொல்லாதது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். பி.பி. மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். விழிப்பு வந்ததும் எழுந்து கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்காருங்கள். காலை ஆட்டுங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, கொஞ்சம் நின்று, தலை தெளிவாக இருந்தால் மட்டும் நடங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை எந்த வேளையில் சாப்பிடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். 'மாத்திரையாலதான் தலை சுத்துது' என்று நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

பண்டிகை நாளில் எச்சரிக்கை!

பண்டிகைகள் எல்லாம் இந்த மாதங்களில்தான் வரிசை கட்டி வருகின்றன.

ஆயுத பூஜை. நாமக்கல் லாரிப் பட்டறை, திருச்செங்கோடு ரிக் வண்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடம் எல்லாவற்றுக்கும் பூஜை போட்டு, திருஷ்டிப் பூசணிக்காயை நடுத்தெருவில் உடைக்கிறோம். அதன் மேல் மழையும் பெய்தால் நடந்து வருகிறவர், டூவீலர்காரர் இருவருக்குமே கண்டம்தான். உடைத்ததும் ஓரமாகக் கூட்டித் தள்ள இரண்டு நிமிஷம் ஆகாது. நம் வீட்டு திருஷ்டி, அடுத்த வீட்டுக்காரர் காலை ஒடிக்கலாமா?

தீபாவளி. விடியாத நேரத்தில், தூக்கக் கலக்கத்தில், தலையிலிருந்து பாதம் வரை நல்லெண்ணெய்! அப்புறம் அரப்போ சீயக்காயோ. எண்ணெயும் வழுக்கும், நனைந்த அரப்பும் வழுக்கும். பெரியவர்களுக்கு உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பதைக் கடைசியில், குளிக்கும் இடத்தில் உட்காரவைத்த பிறகு செய்யுங்கள். அசையாத ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குளிக்கட்டும். ஒருவர் குளித்து வந்ததும் தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்தவரை அனுப்புங்கள். வீட்டில் ஆறு பேர் என்றால் ஆறாவது ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம். அந்த ஆறாவது ஆள் பெரும்பாலும் அம்மாதான்!

கார்த்திகை தீபம். அகல் விளக்கிலிருந்து எண்ணெய் கசியும். படியின் நடுவில் வைக்காமல், மணல் பரப்பிய தட்டில் ஓரமாக வையுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாகப் படியைக் கழுவுங்கள்.

அமாவாசைக்கு மோகனூர், பரமத்தி வேலூர் காவிரிக்குப் போகிறவர்கள் தண்ணீருக்குள் மூழ்கிய படியில் காலை வைக்கும் முன் யோசியுங்கள். அங்கே பாசி இருப்பது மேலிருந்து தெரியாது. பெரியவர்கள் மேல்படியிலேயே உட்கார்ந்து சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாலே போதும். புண்ணியம் குறைந்துவிடாது.

விழுந்துவிட்டால்...?

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் முதலில் செய்வது என்ன? ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது. அது தப்பு! கொஞ்சம் பொறுங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். கை, காலை அவராகவே அசைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அல்லது இடுப்புப் பக்கம் வலியோடு காலை ஊன்றவே முடியாவிட்டால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி நடக்கவைக்காதீர்கள். அப்படியே படுக்கவைத்து, போர்த்திவிட்டு, 108-க்கு போன் செய்யுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் ஒரு சபலம் வரும். "எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிரும். கட்டுப் போடுற வைத்தியர்கிட்டக் காட்டிக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து முதலில் எக்ஸ்-ரே எடுங்கள். முறிந்த எலும்பை நீவினால் முனைகள் விலகும், ரத்தக்குழாய் அறுபடலாம். இறுக்கிக் கட்டிய கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையை, காலையே இழக்க நேரிடும். கட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே விரல்கள் வீங்கி, நீலமாகி, மரத்துப்போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இடுப்பு எலும்பு முறிவுக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், ஒன்றிரண்டு நாளிலேயே ஆபரேஷன் செய்து எழுந்து நடக்கவைப்பதுதான் இன்றைய சிகிச்சை. 'இந்த வயசுல ஆபரேஷனா? படுக்கையிலேயே இருக்கட்டும்' என்று விட்டால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக் கட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நாள் கடத்தாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

தலையில் அடிபட்டால்? வாந்தி, தூக்கக் கலக்கம், குழறல் பேச்சு, தாங்க முடியாத தலைவலி, வலிப்பு... இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், ஒன்றுமே தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூடத் தொல்லை தரும். 'போன மாசம் விழுந்தார், அப்போ ஒண்ணுமில்லை. இப்போ நடை தள்ளாடுது, பேச்சு மாறுது' என்றால் அது வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். விழுந்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஐம்பது வயதை ஒட்டிய பெண்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தால், கட்டுப் பிரித்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிவதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

விழுந்ததை மறைக்கிறார்களா?

பல பெரியவர்கள் விழுந்ததை வீட்டில் சொல்வதே இல்லை. 'சொன்னா திட்டுவாங்க. இனிமே வெளியே விட மாட்டாங்க' என்று பயம். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? "பேசாம ஒரு இடத்துல உட்காருங்க" என்று அதட்டுகிறோம். உட்கார்ந்தே இருந்தால் கால் இன்னும் மெலியும். மெலிந்த கால் மறுபடியும் விழவைக்கும். பயத்தில் முடங்குவதே அடுத்த விழுதலுக்கு வழி.

"எப்படி விழுந்தீங்க? எந்த இடத்துல?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பதமாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் அந்த இடத்தைச் சரி செய்யுங்கள். பிறகு கையைப் பிடித்து நடக்கவையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மழை வரும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். வாசலில் கிடக்கும் சாக்கை எடுங்கள். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் ஒரு விளக்கு போடுங்கள். கைப்பிடிக் கம்பி மாட்ட ஆளுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஏரி, குளம் நிறைய மழை நன்றாகவே பெய்யட்டும். நம்ம வீட்டுப் பெரியவர்கள் அதைத் திண்ணையில் உட்கார்ந்து, காப்பியோடு நிம்மதியாகப் பார்க்கட்டும்!